கத்திரி வெயிலில் பி-டையா, இ-டையா?

கடலூரில் என் அறை மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிறது. ஏசி கிடையாது. ரேமை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக் பற்றி நான் படித்த ஒப்பீடுகள் எதிலும் இப்படி ஒரு அறை வரவில்லை. அவற்றை நம்பித்தான் சாம்சங்கின் பி-டை என்ற மெமரி சிப் வகை போட்ட டிடிஆர்4 ரேம் ஸ்டிக் இரண்டை செகண்ட்ஹேண்டில் தேடிப் பிடித்தேன். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் சித்தப்பா மகனிடம் இருப்பது மைக்ரானின் இ-டை என்ற சிப் வகை போட்ட குரூசியல் பாலிஸ்டிக்ஸ் ரேம். போன மே மாதம் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டான். ஒரே மதர்போர்டு, ஒரே ரைசன் 5600 பிராசசர், ஒரே கேபினெட். மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம்.

எக்ஸ்எம்பி, அதாவது அட்டையில் போட்ட வேகத்தில் ரேமை ஓடவைக்கும் செட்டிங், அதைப் பற்றி ஒரு வார்த்தை. அசெம்பிள் செய்து வீட்டுக்கு வரும் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் பயாஸுக்குள் அது அணைந்தே கிடக்கும். 3200 என்று அட்டையில் போட்ட ரேம் 2133இலோ 2666இலோ ஓடிக்கொண்டிருக்கும். அதை ஆன் செய்யாதவருக்கு இந்தச் சண்டையே தேவையில்லை.

இனி கணக்கு. கேட்டதைத் தர ரேம் எத்தனை சுற்று எடுக்கும் என்பதைச் சொல்லும் சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி ரேமின் வேகத்தால் வகுத்தால் நானோசெகண்டில் தாமதம் வரும். பி-டையின் அடையாளமே 1.35 வோல்ட்டில் 3200, 14-14-14 (முதல் 14தான் சிஎல்), அதாவது 8.75. பாலிஸ்டிக்ஸின் 3200 சிஎல்16 சரியாக 10. அதையே 3600க்கு ஏற்றி சிஎல்16இல் நிறுத்தினால் 8.9. கிட்டத்தட்ட சமம். பி-டையை 3800 சிஎல்14க்குக் கொண்டுபோனால் 7.4 ஆகிறது, ஆனால் அதற்கு 1.5 வோல்ட் பக்கம் கேட்கும். இ-டை இந்த ஆட்டத்துக்கு வராது. அந்த வரிசையின் இரண்டாவது எண்ணான டிஆர்சிடி 18, 19 என்று ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்ளும், வோல்டேஜ் ஏற்றினாலும் அசையாது. 4400ஐத் தாண்டி ஓடும் என்பது அதன் பெருமை. என் 5600 சேர்ந்த ரைசன் 5000 வரிசையில் அந்தப் பெருமை செல்லாது. பிராசசரின் பாகங்களை உள்ளே இணைக்கும் ஃபேப்ரிக் 1800, 1900 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ரேம் அதன் இரு மடங்கைத் தாண்டினால் ஒன்றுக்கு ஒன்று என்ற இணைப்பு அறுந்து தாமதம் கூடிவிடும்.

பி-டைக்கு மவுசு வந்ததற்கு இன்னொரு காரணம் டிஆர்எஃப்சி. ரேமுக்குள் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி கெபாசிட்டரில் நிற்கும் மின்னூட்டம். ஓட்டைக் குடம் மாதிரி ஒழுகிக்கொண்டே இருக்கும், நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். டிடிஆர்4இல் 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை நிரப்பும் வேலை நடக்கும், அது முடியும்வரை படிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. அந்தக் காத்திருப்புதான் டிஆர்எஃப்சி. 8 ஜிகாபிட் சிப்புக்குத் தரநிலை கொடுக்கும் நேரம் 350 நானோசெகண்ட். இ-டை 290 சுற்றில் நிற்கும். பி-டை 150க்கே இறங்கிவிடும். அதாவது நேரத்தில் நாலரை சதவீதம் வீணாவது இரண்டுக்கு வந்துவிடுகிறது.

குடத்தின் ஓட்டை வெயிலில் பெரிதாகும் என்பதுதான் சிக்கல். ராத்திரி பதினோரு மணிக்கு என் 3800 சிஎல்14, ரேமைச் சோதிக்கும் டெஸ்ட்மெம்5 மென்பொருளில் ஒரு பிழைகூட இல்லாமல் தேறியது. மறுநாள் கடல்காற்று இறங்கவில்லை. மத்தியானம் ஒன்றரைக்கு ஸ்டிக்கில் இருக்கும் சென்சார் 52 டிகிரி காட்டியது, பிழைகள் வரிசையாக வந்தன. சிப்பைக் குறை சொல்ல மாட்டேன். டிஆர்எஃப்சியை அந்த அளவுக்கு இறுக்கியது நான். நல்ல பி-டையே ஐம்பது டிகிரியை நெருங்கும்போது இறுக்கமான டைமிங்கில் முரண்டு பிடிக்கும் என்பது ஓவர்கிளாக் செய்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். அப்புறம் கிராஃபிக்ஸ் கார்டைச் சூடாக்கிக்கொண்டே சோதித்தபோது நிலைமை இன்னும் மோசம். வெறும் மெமரி சோதனையில் தேறியது கேம் ஓடும்போது கவிழ்கிறதே என்று குழம்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அதே மத்தியானம், அதே கேபினெட். பாலிஸ்டிக்ஸ் 3600 சிஎல்16, 1.35 வோல்ட். இரண்டு மணி நேரம் ஓடியும் சத்தமில்லை.

"இந்தக் காசுக்கு நீ ஏசியில பாதி வாங்கியிருக்கலாம்ணா" என்றான் தம்பி. பதில் சொல்லவில்லை.

கேமில் என்ன வித்தியாசம்? 1080பியில், அதுவும் பிராசசர் திணறும் இடங்களில், எண்ணிக்கையில் சில ஃபிரேம் கூடுகிறது. கண்ணுக்குத் தெரிந்தது என்று சொன்னால் அது பொய். எனவே இந்தக் கரையோரத்தில் விசிறிக் காற்றில் காலம் தள்ளுகிறவருக்கு என் ஓட்டு இ-டைக்குத்தான். கிடைப்பது கஷ்டம், பாலிஸ்டிக்ஸ் வரிசையை 2022லேயே நிறுத்திவிட்டார்கள். செகண்ட்ஹேண்டில் வாங்கினால் முதலில் ஸ்டிக்கின் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்துவிடுங்கள். உப்புக்காற்று ஊரில் சில பிழைகள் அங்கேயே போய்விடலாம்.

புதிதாக டிடிஆர்5 வாங்குகிறவர் ரைசன் 7000க்கு 6000 சிஎல்30 போதும் என்று நிறுத்திக்கொள்ளலாம். அதுவும் 10 நானோசெகண்ட்தான். அதில் மின்சாரத்தைச் சீராக்கும் சிப்பும் ஸ்டிக்கின் மேலேயே உட்கார்ந்து தன் பங்குக்குச் சுடும்.

பி-டையை நான் விற்கவில்லை. ஸ்டிக்குகளுக்கு மேலே 120 மிமீ ஃபேன் ஒன்றை கேபிள் டை போட்டுக் கட்டியிருக்கிறேன். பயாஸில் இரண்டு புரொஃபைல் இருக்கின்றன: 'சித்திரை' என்றால் 3600, டிஆர்எஃப்சி தளர்வாக, 'மார்கழி' என்றால் 3800, சிஎல்14. தம்பியின் கம்ப்யூட்டரில் ஒன்றே ஒன்றுதான், அதற்கு அவன் பெயர்கூட வைக்கவில்லை.