ஊசிக்கு அஞ்சு நட்சத்திரம், பிசியோவுக்கு ரெண்டு

காரைக்குடியில் இருபது வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். போன ஐப்பசி மழையில் வாசல்படியில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகுதான் தொல்லையே ஆரம்பித்தது. கை வீங்கி மினுமினுவென்று, ஒரு நேரம் சிவப்பாக, ஒரு நேரம் நீலம் பாரித்து இருக்கும். ஃபேன் காற்று பட்டாலே மிளகாய் அரைத்த கை மாதிரி எரியும். முந்தானை உரசினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கட்டுப்போட்ட டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலும்பு கூடிடுச்சு, மனசைத் தைரியமா வச்சுக்கங்க" என்றார். மனசா வீங்கியிருக்கிறது?

வேறொரு டாக்டர்தான் இதற்கு சிஆர்பிஎஸ் என்று பெயர், அடிபட்ட இடம் ஆறின பிறகும் வலி அடங்காத நோய் என்று சொல்லி, மதுரையில் வலிக்கென்றே இருக்கும் ஒரு கிளினிக்குக்கு அனுப்பினார்.

அங்கிருந்த டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். ரத்தக்குழாயைச் சுருக்குவது, வியர்க்க வைப்பது எல்லாம் சிம்பதெடிக் நரம்புகளின் வேலை. கைக்குப் போகிற அந்த நரம்புகளுக்குக் கழுத்தடியில் ஒரு முடிச்சு, ஸ்டெல்லேட் கேங்கிளியான். ஊசி போட்டு அதை மரத்துப்போக வைத்தால் எரிச்சல் அடங்கலாம். "எல்லாருக்கும் கேக்காதும்மா. கேட்டாலும் ஊசி மட்டும் போதாது. வலி அடங்கியிருக்கிற நேரத்துல கையை ஆட்டிப் பழகணும், அதுதான் வைத்தியம்" என்றார். முதலிலேயே இப்படிச் சொன்னதால் நம்பிக்கை வந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா என்று மூன்று பேர் மூன்று தடவை கேட்டார்கள்.

மயக்கம் கொடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் சூடு பார்க்கிற ஒயரை ஒட்டினார்கள். வலது 29, இடது 32. கழுத்தில் சில்லென்று ஜெல். ஸ்கேன் திரையில் கறுப்பு வட்டம் ஒன்று துடித்தது, மூளைக்குப் போகிற ரத்தக்குழாயாம். அதை ஒதுக்கி ஊசி இறங்கியது. பேசாதே, இருமாதே என்றதும் எனக்கு இருமல்தான் வந்தது.

ஐந்து நிமிஷத்தில் மகள் கத்தினாள், "அம்மா, உன் கண்ணு சொருகுது!" வலது இமை தொங்கி, கண் சிவந்து, மூக்கு அடைத்திருந்தது. இதெல்லாம் வரும், சில மணி நேரத்தில் போய்விடும் என்று முன்னாடியே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள்தான் படிக்கவில்லை. "கண் இறங்கினா மட்டும் பத்தாது, கை சூடாகணும்" என்று டாக்டரம்மா ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார். 30, 32, 34. உள்ளே எரிந்தாலும், தொட்டால் நாலு மாசமாக ஐஸ்கட்டி மாதிரி இருந்த கை அது. மகள் மெதுவாக விரலைப் பிடித்தாள், பிடிக்கவிட்டேன்.

குரல் கம்மிப்போனது. டீ கேட்டேன். முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, புரையேறவில்லை என்று பார்த்த பிறகுதான் தந்தார் சிஸ்டர். அந்தக் கவனத்துக்கே அஞ்சு நட்சத்திரம்.

ஆனால் பிசியோ? மருந்து வேலை செய்கிற நேரத்தில் மடக்கி நீட்ட வேண்டிய கை அது. பில் போட முக்கால் மணி நேரம், லிஃப்ட் ரிப்பேர், மேல் மாடிக்குப் போனால் "நாலு மணிக்கு மேல டோக்கன் இல்ல". 12,000 ரூபாய் ஊசியின் நல்ல நேரம் வரவேற்பறை பெஞ்சில் கரைந்தது. மறுநாள் ராத்திரியே எரிச்சல் திரும்பியது.

இரண்டாவது தடவை நானே வெந்நீர் பாத்திரமும் ஸ்பாஞ்சும் கொண்டுபோய், படுக்கையிலேயே பிழிந்து பிழிந்து பழகினேன். நாலு நாள் தாங்கியது. மூன்றாவதுக்குப் பிறகு எரிச்சல் பாதிக்கும் கீழே. லைனிங் துணியைக் கத்தரியால் வெட்ட முடிகிறது. பட்டுக்கு இன்னும் கை நடுங்குகிறது.

நாலாவதுக்குத் தேதி கேட்டார்கள். பிசியோவில் நேரம் குறித்துச் சீட்டுக் கொடுங்கள், அப்புறம் பணம் கட்டுகிறேன் என்று கவுண்டரில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.