கைக்குழந்தையோட இமேஜிக்கா: பார்க் ஹோட்டலா, லோனாவ்லாவா, வில்லாவா, இல்ல அன்னிக்கே வீடு திரும்பிடலாமா?

மும்பைக்கு பக்கத்துல இருக்கிற தீம் பார்க் இமேஜிக்கா போறதுன்னா பெரியவங்களுக்கு டிக்கெட் ஆஃபர் எப்ப வரும்ங்கிறதுதான் கவலை, ஆனா கூட எட்டு மாசம் பத்து மாசத்துல ஒரு கைக்குழந்தை இருந்தா மொத கேள்வி மத்தியானம் பன்னெண்டரை மணிக்கு அது எங்க தூங்கும்ங்கிறதுதான். ராத்திரி தூக்கம் எந்த ரூம்ல போட்டாலும் ஒரு மாதிரி ஓடிடும். மத்தியான தூக்கம் போச்சுன்னா சாயங்காலம் நாலு மணிக்கு மேல அம்மா, அப்பா, மூத்த பிள்ளை யாருக்குமே அந்த நாள் கிடையாது. அதனால வியூ, பூல், பஃபே எல்லாத்தையும் ரெண்டாவதா வச்சிட்டு இந்த ஒரு விஷயத்தை வச்சு நாலு வழியையும் பாத்துடலாம். செம்பூர், சயான், முலுண்ட், டோம்பிவ்லி பக்கம் இருக்கிற நம்ம குடும்பங்களை மனசுல வச்சு எழுதுறேன், ஒரு மூத்த பிள்ளை, ஒரு கைக்குழந்தை, கூட ஒரு பாட்டி, பெரும்பாலும் இதான் செட்டு.

இடம் தெரியாதவங்களுக்கு: பார்க் 2013ல திறந்தது, மும்பை பூனே எக்ஸ்பிரஸ்வேல கோபோலி எக்ஸிட் எடுத்து பாலி ரோட்டுல உள்ள போகணும். செம்பூர்லேருந்து சுமாரா 70 கிலோமீட்டர். லோனாவ்லா அங்கேருந்து இன்னும் 20-25 கிலோமீட்டர், ஆனா நடுவுல போர் காட்ங்கிற மலைப்பாதை ஏறணும், அந்த ஏத்தம்தான் இங்க பெரிய விஷயம், அதுக்கு அப்புறம் வரேன்.

பார்க்கை ஒட்டின ஹோட்டல்

நோவோடெல் இமேஜிக்கா, 287 ரூம், பார்க்குக்கு பக்கத்துலயே. கைக்குழந்தைக்காரங்களுக்கு இதோட அருமை உள்ள போனாதான் புரியும். பார்க்ல நடுவுல குழந்தை ட்ரெஸ் முழுக்க கக்கிடுச்சு, டயப்பர் வழிஞ்சிடுச்சு, இல்ல வெயில்ல மூஞ்சி செவந்துடுச்சுன்னா தூக்கிட்டு வந்து ஏசி போட்டு குளிப்பாட்டி பால் குடுத்து படுக்க வச்சிடலாம், ஒருத்தர் ரூம்ல இருக்க இன்னொருத்தர் மூத்த பிள்ளைய கூட்டிட்டு ரைடு போய்ட்டே இருக்கலாம், பாட்டிக்கும் முட்டி வலிச்சா வந்து கால் நீட்டிக்கலாம். வேற எந்த வழியிலயும் இது இவ்ளோ சுலபமா கிடைக்காது.

ஆனா புக்கிங்ல ஒரு கணக்கு இருக்கு, நிறைய பேர் இத கவனிக்கிறதில்ல. ஹோட்டல்னா பெரும்பாலும் செக்-இன் மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு, செக்-அவுட் பதினொன்னு இல்ல பன்னெண்டுக்கு. பார்க் திறக்குறது காலைல பத்தரை, பதினொன்னு வாக்குல. இப்ப ஒரு ராத்திரிக்கு மட்டும் போட்டீங்கன்னா என்ன ஆகும்? பார்க் நாள் காலைல வந்தா பன்னெண்டரைக்கு ரூம் இன்னும் கைக்கு வரல, முந்தின நாள் சாயங்காலமே வந்து தங்கினா பன்னெண்டரைக்கு ரூம் கைய விட்டுப் போயிருக்கும். ரெண்டு பக்கமும் குழந்தை தூங்குற நேரம் சரியா அந்த இடைவெளியில போய் விழும். பக்கத்துல தங்கணும்னு அவ்ளோ காசு குடுத்தது எதுக்கோ அது மட்டும் கிடைக்காது.

இதுக்கு மூணு வழி இருக்கு. ஒன்னு, ரெண்டு ராத்திரி போட்டுக்கிறது. ரெண்டு, முந்தின நாள் வந்து, செக்-அவுட்டை நாலு மணி வரைக்கும் நீட்டித் தர சொல்லி புக் பண்றப்பவே எழுத்துல வாங்கிக்கிறது, வார நாள்ல கேட்டா குடுக்க வாய்ப்பு அதிகம், சனி ஞாயிறு கஷ்டம், சில சமயம் தனி சார்ஜும் போடுவாங்க. மூணாவது, குழந்தைய கார்லயே மத்தியானம் தூங்க வச்சு ரெண்டு மணிக்கு வந்து ரூம் எடுத்துட்டு மூணரைக்கு மேல பார்க் போறது, வெயிலும் தணிஞ்சிருக்கும், ஆனா மூத்த பிள்ளைக்கு பாதி நாள் டிக்கெட் காசு போன மாதிரிதான். இன்னொன்னு, பார்க்லேருந்து வெளிய வந்துட்டு அதே டிக்கெட்ல அன்னிக்கே திரும்ப உள்ள விடுவாங்களான்னு ரிசப்ஷன்லயும் பார்க் கவுண்டர்லயும் ரெண்டு இடத்துலயும் கேட்டுக்கோங்க, அது இல்லன்னா இந்த கணக்கு மொத்தமும் உடைஞ்சிடும்.

செலவு இருக்கிறதுலயே இதுக்குத்தான் அதிகம். ரூம் வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரைக்கும் இருந்தா ஜிஎஸ்டி 5 சதவீதம், 2025 செப்டம்பர் 22லேருந்து இந்த ரேட்டு, அதுக்கு மேல ஒரு ரூபாய் போனாலும் 18 சதவீதம். 7,400க்கும் 7,900க்கும் ஐநூறு ரூபாய்தான வித்தியாசம்னு நினைக்காதீங்க, வரி சேத்து பாத்தா மொதல்ல சொன்னது 7,770, ரெண்டாவது 9,322. அதனால வரி சேந்த தொகைய வச்சே ஒப்பிடுங்க.

சத்தம் பத்தியும் சொல்லணும். பெரிய ரிசார்ட்டுன்னா கல்யாணம், சங்கீத், கம்பெனி பார்ட்டின்னு லான்ல டிஜே ஓடுற நாள் இருக்கும். நம்ம தேதில ஏதாச்சும் ஃபங்ஷன் இருக்கான்னு கேட்டுட்டு, லானுக்கும் பூலுக்கும் எதிர்ப்பக்கம் ரூம் கேளுங்க, லிஃப்டுக்கு பக்கத்துல வேணாம்.

லோனாவ்லா

ஊரு 600 மீட்டருக்கு மேல உயரத்துல இருக்கு, கோபோலி கீழ அடிவாரம், அதனால காத்து நல்லா இருக்கும், ஹோட்டல் எல்லா விலையிலயும் உண்டு, மெடிக்கல் ஷாப், டாக்டர் எல்லாம் ஊருக்குள்ளயே. ட்ரெயின்ல வரணும்னாலும் தாதர், தாணே, கல்யாண்லேருந்து இந்திராயணி மாதிரி வண்டில நேரா வந்து இறங்கலாம், கைக்குழந்தைக்கு ட்ரெயின் கார விட எவ்ளோ மேல்.

ஆனா பார்க் போறதுக்குன்னே லோனாவ்லால தங்குறது எனக்கு சரியா படல. காலைல காட் இறங்கணும், சாயங்காலம் பசியும் தூக்கமும் சேந்து கத்துற குழந்தையோட அதே காட் ஏறணும், சனிக்கிழமை ஏத்தத்துல லாரியும் காரும் மாட்டிக்கிட்டு ஊர்ந்து போறது மும்பைல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. மத்தியானம் தூங்க ரூமுக்கு போய்ட்டு வரதுங்கிற பேச்சுக்கே இடமில்ல. ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் மழை, மூடுபனி, சில நாள் மண்சரிவுன்னு ரோடும் நம்பிக்கை கிடையாது.

தொட்டில் விஷயத்துல நாங்க பட்டதையும் இங்கதான் சொல்லணும். லோனாவ்லால ஒரு ஹோட்டல்ல பேபி காட் இருக்குன்னு ஃபோன்ல உறுதியா சொன்னாங்க, போனப்புறம் கொண்டாந்து வச்சதுல ஒரு பக்க கம்பிக்கு கொக்கி பிடிக்கவே இல்ல, கை வச்சா அப்படியே கீழ சரியுது, மெத்தைக்கு பதிலா ஒரு ரஜாய் போர்வைய மடிச்சு போட்டிருந்தாங்க. குழந்தைக்கு அடியில மெத்துமெத்துனு எதுவும் கூடாது, கெட்டியான மெத்தைல மல்லாக்க படுக்க வைக்கணும், கம்பிக்கு நடுவுல 6 சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி இருக்கக்கூடாது. நாங்க அந்த தொட்டிலை திருப்பி அனுப்பிட்டு எக்ஸ்ட்ரா பெட்டோட மெத்தைய தரையில போட்டு செவத்த விட்டு தள்ளி வச்சு படுக்க வச்சோம். அதுலேருந்து எங்க போனாலும் தொட்டிலோட ஃபோட்டோ வாட்ஸாப்ல வந்தாத்தான் அட்வான்ஸ் அனுப்புறது.

மூணு நாலு நாள் லீவு, பார்க் அதுல ஒரு நாள் மட்டும்தான்னா லோனாவ்லா ஓகே, பார்க் நாளுக்கு மட்டும் கீழ வந்து தங்கிக்கோங்க.

வில்லா

கோபோலி, கர்ஜத், கண்டாலா பக்கம் வாடகைக்கு வில்லா நிறைய வந்தாச்சு. ரெண்டு குடும்பம் சேந்து எடுத்தா தலைக்கு வர செலவு ஹோட்டல விட கம்மி ஆகுது. அதை விட பெரிய விஷயம் கிச்சன். ஆறு மாசம் தாண்டின குழந்தைக்கு ராகி கஞ்சி, பருப்பு சாதம் மசிச்சு குடுக்கணும், ஒரு வயசு வரைக்கும் உப்பு, சர்க்கரை சேக்காம, தேன் தொடவே கூடாது. ஹோட்டல் கிச்சன்ல மூங் தால் கிச்சடி 'நமக் மிர்ச்சி பில்குல் நஹி', அதாவது உப்பு மிளகாய் சுத்தமா வேணாம்னு சொன்னா பண்ணித் தருவாங்கதான், ஆனா ஆர்டர் வர முக்கா மணி நேரம் ஆகும், குழந்தை பசி அது வரைக்கும் நிக்காது. பஃபேல இட்லி இருந்தா நல்லது, அதுலயும் உப்பு இருக்கும்ங்கிறத மறந்துடாதீங்க.

ஃப்ரிட்ஜும் அப்படித்தான். பிழிஞ்ச தாய்ப்பால் 25 டிகிரிக்குள்ள இருந்தாத்தான் வெளிய 4 மணி நேரம் தாங்கும், கோபோலில வருஷத்துல பெரும்பாலும் பகல்ல அந்த சூட்டுக்கு மேலதான், ஃப்ரிட்ஜ்ல 4 டிகிரில வச்சா 4 நாள் வரைக்கும். ஹோட்டல் மினி ஃப்ரிட்ஜ் நிறைய இடத்துல ஜூஸ் பாட்டிலை லேசா ஜில்லுனு வைக்கிறதோட சரி, வில்லால வீட்டு ஃப்ரிட்ஜ் இருக்கும். பவுடர் பால் குடுக்கிறவங்க தண்ணிய கொதிக்க வச்சு 70 டிகிரிக்கு கீழ இறங்கறதுக்குள்ள கலக்கி அப்புறம் ஆற வச்சு குடுக்கணும், அதுக்கு கெட்டில் நம்மளுதையே எடுத்துட்டு போங்க, ஹோட்டல் கெட்டில்ல முன்ன இருந்தவங்க என்னத்த போட்டு கொதிக்க வச்சாங்களோ.

தூளி இன்னொரு விஷயம். தூளில தூங்கி பழகின குழந்தை ஹோட்டல் ரூமுக்குள்ள வந்ததும் பாட்டி மொதல்ல நிமிந்து சீலிங்கத்தான் பாப்பாங்க, பூரா ஃபால்ஸ் சீலிங், ஒரு கொக்கி கிடையாது. எங்க சின்னவன் அப்படித்தான், புடவை வாசனையும் ஆட்டமும் இல்லாம கண்ணு சொருகிட்டே அழுதான். பழைய மாதிரி கட்டின வில்லால உத்தரமோ கொக்கியோ இருக்கும், ஆனா ஊஞ்சல் கொக்கியான்னு கேட்டு, பெரியவங்க தொங்கிப் பாத்து சோதிச்சிட்டு கட்டுங்க, பக்கத்துல ஒருத்தர் முழிச்சு இருக்கணும். இல்லன்னா மடக்கு ஸ்டாண்டு ஆன்லைன்லயே கிடைக்குது, டிக்கிக்குள்ள போய்டும், அது ஹோட்டலுக்கும் ஆகும்.

ஆனா வில்லால பயம் ஒன்னு இருக்கு, அது சின்ன பயம் இல்ல. ஹால் கதவ தொறந்தா நேரா பூல், சுத்தி வேலி கிடையாது. தவழுற குழந்தை இருக்கிற வீட்டுல இத விட ஆபத்து வேற கிடையாது, அதுவும் ரெண்டு குடும்பம் இருக்கிறப்ப ஒவ்வொருத்தரும் அடுத்தவங்க பாத்துப்பாங்கன்னு நினைச்சுக்குவாங்க. பூலுக்கு வேலியோ பூட்டுற கதவோ இல்லாத வில்லா எவ்ளோ அழகா இருந்தாலும் நான் எடுக்க மாட்டேன். மாடிப்படிக்கு கேட், ஜன்னலுக்கு கொசுவலை, கரண்ட் போனா ஏசிக்கும் சேத்து ஜெனரேட்டர் ஓடுமா, இந்த மூணும் கேளுங்க. கிச்சன் கேர்டேக்கர் கைல மட்டும்தான்னு சில இடத்துல சொல்றாங்க, அதையும் முன்னாடியே கேட்டுக்கோங்க. பார்க்லேருந்து பத்து பதினஞ்சு நிமிஷத்துல வில்லா இருந்தா மத்தியானம் போய்ட்டு வரலாம், கர்ஜத் உள்பக்கம்னா வாய்ப்பு இல்ல, விளம்பரத்துல 'இமேஜிக்கா பக்கத்துல'ன்னு போட்டிருந்தாலும் மேப்ல நீங்களே போட்டு பாருங்க.

அன்னிக்கே போய் அன்னிக்கே வரது

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற நாலு அஞ்சு மாச குழந்தைன்னா இது சொல்ற அளவுக்கு கஷ்டம் இல்ல, அது எங்கயும் தூங்கும், சாப்பாட்டு மூட்டை கிடையாது, வெயில்ல மட்டும் நேரா காட்டக்கூடாது. தவழ ஆரம்பிச்ச குழந்தைக்கு இது வேணாம். கார்ல குழந்தை சீட் கட்டாயம் போடுங்க, மடியில வச்சுட்டு எக்ஸ்பிரஸ்வேல போகாதீங்க. 14 வயசுக்கு கீழ இருக்கிற பிள்ளைய பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாம ஏத்தினா 1,000 ரூபாய் ஃபைன், ஃபைன விடுங்க, சடன் பிரேக் போட்டா கை தாங்காது. டாக்ஸில இந்த சீட் இருக்காது, சொந்த சீட்ட எடுத்துட்டு போய் மாட்டிக்கணும். பாட்டி வீட்டுல பாத்துக்க தயார்னா கைக்குழந்தைய விட்டுட்டு மூத்ததை மட்டும் கூட்டிட்டு போறதும் நல்ல முடிவுதான், யாரும் தப்பா நினைக்க வேணாம்.

பெங்களூர்ல இருக்கிறவங்களுக்கும் இதே கணக்குதான், பிடதி வொண்டர்லா ரிசார்ட் பார்க்கோட சேந்தே இருக்கு, 85 சென்டிமீட்டருக்கு கீழ உயரம்னா பார்க் டிக்கெட் கிடையாது, செக்-இன் செக்-அவுட் இடைவெளிய மட்டும் அங்கயும் பாத்துக்கோங்க.

நான் எடுக்கிறதுன்னா நவம்பர்லேருந்து பிப்ரவரிக்குள்ள, செவ்வாய் புதன்ல, பார்க் ஹோட்டல்ல ரெண்டு ராத்திரி. பட்ஜெட் அவ்ளோ இல்லன்னா அதே ஹோட்டல்ல ஒரு ராத்திரி, லேட் செக்-அவுட்டோட. பெரிய கூட்டமா போறோம்னா கோபோலி பக்கமே வேலி போட்ட பூல் உள்ள வில்லா. பார்க் போன மறுநாள் பார்க்குக்கு திரும்ப போகாதீங்க, குழந்தை தாங்காது. காலைல பொறுமையா கிளம்பி கோபோலிக்கு பக்கத்துலயே மஹட்ல வரத விநாயகர் இருக்காரு, அஷ்டவிநாயக்னு சொல்ற எட்டு பிள்ளையார் கோயில்ல ஒன்னு, பாட்டிக்கு அதான் ட்ரிப்பே, குழந்தைக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிட்டு பத்தரைக்குள்ள எக்ஸ்பிரஸ்வே பிடிச்சா மத்தியான தூக்கத்துக்கு வீட்டு தூளிக்கே வந்து சேந்துடலாம்.