தமிழ் ஆய்வுக்கு ஜெர்மனி போவதென்றால் கொலோனா, ஹாம்பர்கா?

ஜெர்மனியின் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது. உலகப் போரில் தோற்றுப்போன நாட்டில், 1919-இல், சில வார இடைவெளியில் தொடங்கியவை.

கொலோன் இதை ஒப்புக்கொள்ளாது. தன் பிறப்பை 1388 என்றே சொல்லும். நகர மன்றம் போப்பிடம் அனுமதி வாங்கித் தொடங்கியது உண்மைதான். ஆனால் 1798-இல் பிரெஞ்சு ஆட்சி அதை மூடியது. அப்புறம் 121 ஆண்டுகள் அங்கே பல்கலைக்கழகமே இல்லை. மறுபடி திறந்தவர் மேயர் கொன்ராட் அடினாவர், பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் பிரதமரானவர். செலவை நகரமே ஏற்கும் என்று, கொலோன் அப்போது சேர்ந்திருந்த பிரஷ்ய மாநிலத்தின் அரசோடு ஒப்பந்தம் போட்டார். 1950-கள் வரை நகரம்தான் பணம் கட்டியது. 1388-ஐ விட இதைத்தான் கொலோன் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்பேன்.

ஹாம்பர்க் கதை வேறு. எட்மண்ட் சீமர்ஸ் என்ற வணிகர் விரிவுரைகளுக்காகக் குவிமாடம் வைத்த கட்டடத்தையே 1911-இல் கொடுத்துவிட்டார். இருந்தும் 1913-இல் நகரச் சட்டமன்றம் பல்கலைக்கழகத் திட்டத்தை நிராகரித்தது. மன்னராட்சியை வீழ்த்திய 1918 புரட்சிக்குப் பின் எல்லோரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றம்தான் 1919-இல் சட்டம் இயற்றியது. அந்தக் கட்டடம் இன்றும் தலைமைக் கட்டடம். 'ஆராய்ச்சிக்கு, கற்பித்தலுக்கு, கல்விக்கு' என்று அதன் முகப்பில் பொறித்திருக்கிறார்கள். பிறப்பைப் பொறுத்தவரை என் ஓட்டு ஹாம்பர்குக்கே.

நாஜிகள் ஆட்சிக்கு வந்து யூதப் பேராசிரியர்களை வெளியேற்றிய 1933-இல் இரண்டுமே தலைகுனிந்தன. ஹாம்பர்க் தன் முன்னாள் ரெக்டர் (பல்கலைக்கழகத் தலைவர்), தத்துவ அறிஞர் எர்ன்ஸ்ட் காசிரரை இழந்தது. கொலோனில் சட்ட மேதை ஹான்ஸ் கெல்சன் பதவி இழந்தார். அவருக்காகச் சக பேராசிரியர்கள் மனு கொடுத்தபோது அங்கிருந்த சட்டப் பேராசிரியர் கார்ல் ஷ்மிட் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

நிர்வாகத்துக்கு வருவோம். கொலோனில் 6 புலங்கள், தலைவர் ரெக்டர். ஹாம்பர்கில் 8 புலங்கள், தலைவர் பிரெசிடென்ட். ஜெர்மனியில் உயர்கல்வி மாநிலத்தின் பொறுப்பு. ஹாம்பர்க் நகரமே ஒரு மாநிலம் என்பதால் பல்கலைக்கழகச் சட்டம் உள்ளூரிலேயே முடிவாகிறது. கொலோனுக்கு அது மாநிலத் தலைநகர் டுசெல்டார்ஃபிலிருந்து வர வேண்டும். மத்திய, மாநில அரசுகள் போட்டி வைத்துக் கூடுதல் நிதியோடு தரும் சிறப்புப் பல்கலைக்கழகத் தகுதி 2012-இல் கொலோனுக்குக் கிடைத்தது. 2019-இல், இரண்டுக்கும் நூறு வயதான ஆண்டில், அது கைநழுவிப் போக, ஹாம்பர்க் முதல்முறையாக அதைப் பெற்றது.

தமிழ் ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தகுதியெல்லாம் இரண்டாம்பட்சம். அச்சு நூல்களை நம்பிச் செய்யும் ஆய்வு என்றால் கொலோன் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகம். ஓலைச்சுவடி என்றால் சுவடிப் பண்பாட்டு ஆய்வு மையம் இருக்கும் ஹாம்பர்க்.