என்பிஎஸ்ஸா யூபிஎஸ்ஸா? மத்திய அரசு ஊழியர்களுக்கு

என்பிஎஸ்னா தேசிய ஓய்வூதியத் திட்டம், யூபிஎஸ்னா ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம். ரெண்டுலயும் நம்ம கையில இருந்து போறது பேசிக் (அடிப்படைச் சம்பளம்) பிளஸ் டிஏல (அகவிலைப்படி) 10% தான், அதுல வித்தியாசமே இல்ல.

அரசு பங்கு: என்பிஎஸ்ல 14%, அது முழுசா உங்க கணக்குக்கே வரும். யூபிஎஸ்ல 10% மட்டும் உங்க கணக்குக்கு, 8.5% யூபிஎஸ்ல இருக்கிற எல்லாருக்குமான பொது நிதிக்குப் போயிடும்.

பென்ஷன்: யூபிஎஸ்ல 25 வருஷம் முடிச்சா கடைசி 12 மாச சராசரி பேசிக்ல 50%, விலைவாசி ஏற ஏற அகவிலை நிவாரணமும் சேரும், இதுதாங்க பெரிய விஷயம், வயசான காலத்துல மருந்து செலவு ஏறிட்டேதான இருக்கும். என்பிஎஸ்ல மார்க்கெட் என்ன தருதோ அதுதான்.

குடும்பத்துக்கு: யூபிஎஸ்ல ஊழியர் இறந்துட்டா, அவர் பென்ஷன்ல 60% கணவன் இல்ல மனைவிக்கு.

மொத்தப் பணம்: என்பிஎஸ்ல ரிட்டயர் ஆகும்போது, சேர்ந்த பணத்துல 60% வரை கையில எடுக்கலாம்.

25 வருஷ சர்வீஸ் வரும்னா என் ஓட்டு யூபிஎஸ்க்கு. லேட்டா சேர்ந்தவங்க, பிள்ளைங்களுக்குப் பெரிய தொகை வேணும்னு நினைக்கிறவங்க என்பிஎஸ்ஸ பாருங்க.