பத்து மாவுங் போட் இன்ஜின் கடை: இன்ஜின்ல கட்டுன உப்ப எடுக்கணும்னா இங்க போங்க
பினாங்குல பத்து மாவுங் பக்கம் சின்ன ஒர்க்‌ஷாப், போர்டு கூட சரியா இல்ல, ஆனா வேல சுத்தம். நம்ம 40 எச்பி இன்ஜின்ல, சூட்ட தணிச்சிட்டு பின்னாடி பீச்சுற தண்ணி நூல் மாதிரி ஆயிடுச்சு, கடைக்கார அண்ணன் உடனே தெர்மோஸ்டாட்ட (சூடு ஏறுனா தொறந்து தண்ணிய விடுற வால்வு) கழட்டி காட்டுனாரு, உள்ள வெள்ளையா உப்பு கட்டி நிக்குது. வினிகர்ல கொஞ்ச நேரந்தான் ஊற வெச்சாரு, ரொம்ப நேரம் விட்டா அலுமினியத்த அரிச்சிரும். அப்புறம் தண்ணி உறிஞ்சற எடத்துல ரப்பர் கப்ப மாட்டி பைப்பு தண்ணியில ஓட்டுனாரு, இன்ஜின் சூடேறி தெர்மோஸ்டாட் தொறந்தாதான் உள்ள வரைக்கும் கழுவும், சும்மா ரெண்டு நிமிஷம் ஓட்டிட்டு ஆஃப் பண்றதெல்லாம் வேஸ்ட்டு லா. தண்ணிய உள்ள இழுக்கற ரப்பர் சக்கரம், அதான் இம்பெல்லர், அதுவும் தேஞ்சிருந்துச்சு, மாத்தியாச்சு. கூலி ஞாயம்தான், ஆனா சனி ஞாயிறு போயிறாதீங்க, மீன் புடிக்கிற ஆளுங்க கூட்டம் தாங்காது.