கெட்டமினா, புரொப்பொஃபோலா? வன்னிக்கு எந்த மயக்க மருந்து

எந்த மயக்க மருந்து நல்லது என்று கொழும்பில் கேட்டால் ஒரு பதில் வரும், வன்னியின் மல்லாவியில் கேட்டால் இன்னொன்று வரும். மருந்து ஒன்றுதான். அதைச் சுற்றியிருக்கும் கரண்டும், ஒட்சிசனும், மயக்க மருந்து வைத்தியரும்தான் இடத்துக்கு இடம் வேறு. அதனால் கெட்டமின், புரொப்பொஃபோல், எட்டோமிடேட் என்ற மூன்று மருந்துகளை ஒரே ஒரு கேள்வியோடு பார்க்கிறேன்: வசதி குறையும் நேரத்தில் எது நோயாளியைக் கைவிடாது?

கெட்டமின் 1962 இல் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் நிறுவனத்துக்காக கல்வின் ஸ்டீவன்ஸ் உருவாக்கியது. அதற்கு முன்பிருந்த பென்சைக்ளிடின் நோயாளிகளை நீண்ட நேரம் பிதற்ற வைத்தது. அதே குடும்பத்தில் சீக்கிரம் அடங்கும் ஒன்றைத் தேடிப் போனபோது கிடைத்ததுதான் இது. மற்ற இரண்டும் மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பியைத் தூண்டும்போது, இது மூளையைக் கிளறும் என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைக்கிறது. அதன் பலன் பெரியது. மூச்சு பெரும்பாலும் தானாக ஓடும், இரத்த அழுத்தம் சாதாரணமாக விழாது, வலியும் அடங்கும். நரம்பு பிடிபடாவிட்டால் தசையிலேயே போடலாம். தண்ணீரில் கரையும் உப்பாக இருப்பதால் குளிர்சாதனப் பெட்டியும் தேவையில்லை. மிதிவெடியில் காலை இழந்து, இரத்தம் போய் வருகிற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை. 2009 இல் வன்னியின் தற்காலிக வைத்தியசாலைகளில் மயக்க மருந்து தட்டுப்பாடான நிலையில் கை கால் அகற்றப்பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த மருந்து கையிருப்பில் இருக்கிறது என்பது இங்கே சின்ன விஷயமே இல்லை.

புரொப்பொஃபோலின் கதை வேறு. பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் இயன் கிளென் என்ற மிருக வைத்தியரின் ஆய்வுகளில் 1973 இல் தெரிந்தெடுக்கப்பட்டது. அது எண்ணெய்த்தன்மையானது, தண்ணீரில் கரையாது. முதலில் கரைத்துப் பார்த்த திரவம் ஒவ்வாமையைக் கிளப்பியதால், சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் சேர்த்த குழம்பாக மாற்றி, 1986 இல்தான் சந்தைக்கு வந்தது. சிரிஞ்சில் பால் மாதிரி வெள்ளையாகத் தெரிவது அந்தக் குழம்புதான். அதில் கிருமியும் நன்றாக வளரும். திறந்தால் சில மணித்தியாலங்களுக்குள் பாவித்து முடிக்க வேண்டும், மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது. 25 பாகைக்கு மேல் வைக்காதே என்கிறது லேபிள். சித்திரை மாதத்துக் கிளிநொச்சியில் ஏசி இல்லாத அறை காலையிலேயே அதைத் தாண்டிவிடும். மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் வேறு இறக்குகிறது.

ஆனால் நோயாளி எழும்புவதைப் பார்த்தால் புரொப்பொஃபோல்தான். தெளிவாக எழும்புவார், வாந்தியும் குறைவு. காலையில் வந்து மாலையில் வீடு போகும் சிகிச்சைக்கு நானும் அதைத்தான் கேட்பேன்.

கெட்டமினின் பெரிய குறையும் அங்கேதான். எழும்பும்போது சிலருக்குப் பயங்கரக் கனவும் இல்லாத காட்சிகளும் வரும். செல்லடியும் பங்கரும் கண்ட ஒருவருக்கு அந்த நேரத்தில் என்ன தெரியும் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. மனதை அமைதிப்படுத்தும் மிடாசோலம் என்ற மருந்தைச் சேர்த்தால் இது குறையும். எழும்புமிடம் அமைதியாக இருக்க வேண்டும், தெரிந்த குரல் ஒன்று பக்கத்தில் இருந்தால் நல்லது.

மூன்றாவது, எட்டோமிடேட். இரத்த அழுத்தத்தைப் பெரிதாக அசைக்காது, அதுதான் அதன் பெருமை. ஆனால் 1980களில், அதைத் தொடர்ந்து ஏற்றப்பட்ட தீவிர சிகிச்சை நோயாளிகளில் இறப்பு கூடியது தெரியவந்தது. மூலக்கூறின் வளையத்திலுள்ள ஒரு நைதரசன், சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனற் சுரப்பியில், கடும் நோயைத் தாங்க உடலுக்குத் தேவையான கோர்ட்டிசோல் ஓமோனைச் செய்யும் நொதியத்தின் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. போஸ்டனில் டக்ளஸ் ரெயின்ஸ் குழு அந்த நைதரசனை எடுத்துவிட்டுக் கார்பனை வைத்தது. 2010 இல் வெளியான அந்த கார்போ எட்டோமிடேட் விலங்குகளில் மயக்கத்தைக் கொடுத்தது, சுரப்பியின் மேல் அதன் பிடி ஆய்வுகூடச் சோதனையில் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு தளர்ந்தது. ஒரே ஒரு அணு! மருந்து வேதியியலில் எனக்கு மிகப் பிடித்த வேலை இது. நம் வைத்தியசாலை அலுமாரிக்கு அது வரவில்லை.

சரி, இன்றைக்கு என்ன செய்வது? கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகள் போல மெஷினும் நிபுணரும் உள்ள இடத்தில் கெட்டமினும் புரொப்பொஃபோலும் இரண்டும் இருக்கட்டும். ஆளும் வசதியும் குறைந்த இடத்துக்கு என் தெரிவு கெட்டமின். கூடவே மிடாசோலம், உமிழ்நீர் பெருகினால் அத்ரோபின். கெட்டமின்தானே என்று அம்பு பேக்கும் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) ஒட்சிசனும் இல்லாமல் தொடங்கக் கூடாது. நரம்பில் வேகமாக ஏற்றினால் அதுவும் கொஞ்ச நேரம் மூச்சை நிறுத்தக்கூடும்.