கேஷ் மேசையா, டோர்னமென்டா: சில்லறைப் போக்கரில் எது?

காத்திருப்பு: கேஷில் (சிப்பே நிஜப் பணம்) பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன் முறைப்படி வைக்கும் கட்டாயப் பந்தயம், ஏறாது. 1, 2 சென்ட் மேசையில் ஒரு சுற்று முழுக்க ஃபோல்ட் செய்ய (ஆடாமல் கையை விட்டுவிட) 3 சென்ட்தான் செலவு. சிறந்த தொடக்கக் கையான ஜோடி ஏஸ் சராசரியாக 221 கைக்கு ஒருமுறைதான் வரும், பொறுத்திருக்கலாம். டோர்னமென்டில் (ஒருமுறை கட்டணம் கட்டி, சிப் தீரும்வரை ஆடுவது) பிளைண்ட் ஏறிக்கொண்டே போகும், ரொம்பக் காத்தால் சிப் கரையும்.

பணம்: பூஜ்யத்திலிருந்து 10,000 டாலர் சேர்த்த போக்கர் வீரர் கிறிஸ் ஃபெர்குசனின் விதி: ஒருமுறை உட்கார, கேஷுக்குக் கையிருப்பில் அதிகபட்சம் 5 சதவீதம், பெரிய டோர்னமென்டுக்கு 2. எனக்கு இதில் முழு நம்பிக்கை உண்டு.

எழுந்திருப்பது: கேஷில் எப்போதும் எழலாம். ஆனால் நல்ல கையோடு தோற்ற அந்த நிமிடம், அடுத்த 2 டாலரைப் போட விரல் தானாக பட்டனுக்குப் போகும்.

அரை மணிதான் நேரமா? சரி, கேஷ். தோற்றதைத் துரத்துபவருக்கு மறுநுழைவில்லாத (தோற்றால் திரும்பப் பணம் கட்டி நுழைய முடியாத) 1 டாலர் டோர்னமென்ட்.